அமெரிக்க மாநிலங்கள் தரும் ஆராய்ச்சி டேக்ஸ் கிரெடிட்டால் (ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை), சென்னையிலும் ஒரு டீம் வைத்திருக்கும் எங்களைப் போன்ற சின்ன கம்பெனிக்கு நிஜமாகவே பலன் உண்டா?

உண்டு. ஆனால் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த வரியில் கழித்துக்கொள்ள விடுகிறார்கள் என்று பாருங்கள்.

நான் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில், சென்சார் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எங்களுக்கு முதல் சில வருடங்கள் நஷ்டம்தான். லாபமே இல்லாதவனுக்கு வருமான வரியில் கிரெடிட் கொடுத்தால் அன்றைக்குக் கையில் என்ன நிற்கும்? கலிஃபோர்னியாவின் ஆராய்ச்சி கிரெடிட் அப்படி வருமான வரியில் கழிவதுதான். லாபம் வரும்வரை அடுத்த வருடத்துக்கு, அதற்கடுத்த வருடத்துக்கு என்று தள்ளிக்கொண்டே போகலாம், அவ்வளவே.

நியூ மெக்சிகோ 2000-இல் கொண்டுவந்த சட்டம் இதை யோசித்து எழுதப்பட்டது. ஆராய்ச்சிச் செலவில் 5 சதவீதம் அடிப்படைக் கிரெடிட் (2016-க்கு முன் 4). இதை, ஊழியர் சம்பளத்தில் பிடித்து மாநிலத்துக்குக் கட்டும் வரியிலேயே கழிக்கலாம். நஷ்டத்தில் ஓடினாலும் சம்பளம் போட்டுத்தானே ஆக வேண்டும்? அதனால் லாபம் வரும்வரை காத்திராமலே பணம் மிஞ்சுகிறது. மொத்தச் சம்பளச் செலவை முன்பிருந்ததைவிடக் குறைந்தது 75,000 டாலர் கூட்டினால் இன்னொரு 5 சதவீதம் கிடைக்கும். அது வருமான வரிக்கு எதிரானது என்றாலும், 50 பேருக்கு மேல் இல்லாத சின்ன கம்பெனிக்கு ரீஃபண்டாக வரவும் வழி வைத்திருக்கிறார்கள்.

கிராமப்புறம் என்றால் இரண்டுமே இரட்டிப்பு. 30,000 பேருக்கு மேல் உள்ள ஊரும் அதைச் சுற்றி மூன்று மைலும் கிராமப்புறக் கணக்கில் வராது. ஆராய்ச்சிக்கு 2 லட்சம் டாலர் செலவு என்றால் ஆல்புகர்க்கியில் அடிப்படைக் கிரெடிட் 10,000. அதே வேலையைத் தெற்கே சொக்கோரோ என்ற சின்ன ஊரில் செய்தால் 20,000. அங்கே நியூ மெக்சிகோ டெக் என்ற அறிவியல், பொறியியல் பல்கலைக்கழகம் இருப்பதால் பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லை.

லாஸ் அலமோஸ், சாண்டியா போன்ற ஆய்வுக்கூடங்களுக்கு இது கிடையாது. மத்திய அரசுக்காக நடத்தப்படும் இடங்களைச் சட்டமே விலக்கிவிட்டது. அது சரியான முடிவு என்பேன். சேர்த்திருந்தால் மொத்தச் சலுகையையும் அவையே விழுங்கியிருக்கும்.

நீங்கள் சென்னையில் ஒரு டீம் வைத்திருப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் இதில் வராது. ஒப்பந்தக்காரர் என்றாலும் வேலை நியூ மெக்சிகோவுக்குள் நடந்திருக்க வேண்டும். தோற்றத்துக்கும் அழகுக்கும் செய்யும் மாற்றங்களும் ஆராய்ச்சி ஆகாது. செயல்திறன், நம்பகத்தன்மை, தரம் இவற்றுக்காகச் சோதித்துப் பார்த்த வேலையாக இருக்க வேண்டும்.

ஒரு வருடக் கிரெடிட்டை நாங்கள் முழுதாகவே இழந்தோம். செலவு செய்த ஆண்டு முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு முன்னால் கணக்கு பார்த்தவர் யார் எத்தனை மணி நேரம் எந்தச் சோதனையில் இருந்தார் என்று எழுதி வைக்கவே இல்லை. நான் மின்னஞ்சல்களையும் ஆய்வு நோட்டுகளையும் தோண்டி ஒன்றுசேர்ப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. ஒரு ஜூனியர் பொறியாளரை வேலைக்கு எடுக்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது வெள்ளிக்கிழமை மாலை யாரும் மணிக்கணக்கை எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது.