பிரைட்னஸைக் குறையுங்கள்

வணக்கம்.

'ஷேடோகிரவுண்ட்ஸ்' கேமை நீங்கள் பாராட்டியதை நம்பி வாங்கி ஆடினேன். கதை அரதப்பழசு. டயலாக் பேசுகிறவர்கள் பேப்பரைப் பார்த்து வாசிக்கிறார்கள். தலைக்கு மேலிருந்து காட்டுவதால் நாயகனின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஒரே இருட்டு வேறு; பிரைட்னஸை ஏற்றிவைத்துத்தான் ஆட முடிந்தது. கையில் காசில்லாமல் கேமராவை மேலே மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதானே? இதில் அப்படி என்ன கண்டீர்கள்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கதைக்கும் டயலாக்குக்கும் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. வியாழனின் நிலவான கானிமீடில் மனிதக் குடியிருப்பு, அதற்குள் புகும் வேற்றுக்கிரக ஜந்துக்கள், துப்பாக்கி தூக்கும் மெக்கானிக். சரி, போகட்டும்.

காசில்லை என்பதும் உண்மைதான். இதைச் செய்த பின்லாந்தின் ஃப்ரோசன்பைட், 2005-ல் இது வெளிவந்தபோது சின்ன நிறுவனம். அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த 'ட்ரைன்' கேம் 2009-ல்தான் வந்தது. மேலிருந்து காட்டினால் வானம் வரைய வேண்டாம், தூரத்து மலை வேண்டாம், முகபாவம் வேண்டாம். செலவு மிச்சம்.

ஆனால் இந்தக் கோணத்தில் ஒரு வம்பு இருக்கிறது. நாயகனின் முதுகுக்குப் பின்னால் வருவதும் நமக்குத் தெரிந்துவிடும். எல்லாம் தெரிந்தால் பயம் எங்கிருந்து வரும்? 1982-ல் 'ரோபோட்ரான்: 2084' கேமைச் செய்த யூஜின் ஜார்விஸும் லாரி டெமாரும் கூட்டத்தைக் கொண்டு சமாளித்தார்கள். ஒரு ஜாய்ஸ்டிக்கில் நடை, இன்னொன்றில் சுடும் திசை, சுற்றிலும் எதிரிகள். எல்லாம் கண்ணில் படும், எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. 2003-ல் வந்த 'கிரிம்சன்லாண்ட்', 'ஏலியன் ஷூட்டர்' இரண்டும் அதே வழிதான்.

ஷேடோகிரவுண்ட்ஸ் விளக்கை அணைத்துவிட்டது. மவுஸ் போகும் பக்கம் டார்ச் திரும்புகிறது. அறையில் கிடக்கும் சாமான்களின் நிழலெல்லாம் சுவரில் நீண்டு, கூடவே சுழல்கிறது. அதில் ஒன்று, நீங்கள் கையை அசைக்காதபோதும் நகரும். சட்டென்று அந்தப் பக்கம் திரும்புவீர்கள். துப்பாக்கியும் டார்ச்சும் ஒரே திசையில்தான் நீளும் என்பதால், திரும்பிய கணமே இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இருளில் போய்விடும். கேமரா நமக்கு இனாமாகக் கொடுத்த முதுகுப்பக்கத்தை டார்ச் பிடுங்கிக்கொள்கிறது. ஜந்துக்களில் சில வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும் என்பதால் டார்ச்சே பாதி ஆயுதம். செலவில்லாத யோசனை, ஆனால் மலிவான யோசனை இல்லை.

பிரைட்னஸை ஏற்றினீர்கள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் போயிற்று. இருட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீங்கள் எழுதியிருக்கும் அதே கேம்தான்.

இன்னொரு தரம் ஆடுவதானால் பிரைட்னஸைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள். டயலாக்கைத் தள்ளிவிட்டுப் போகலாம், ஒரு நஷ்டமும் இல்லை. அப்புறமும் பிடிக்காவிட்டால், வால்வ் நிறுவனம் 2010-ல் இலவசமாக விட்ட 'ஏலியன் ஸ்வார்ம்' இருக்கிறது. அதுவும் மேலிருந்து பார்ப்பதுதான். நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம், கூட வருபவரையே சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.