சாட்பாட் சொன்ன 138, 112: எதை நம்புவது?

உங்களோடு நடந்த உரையாடலை வைத்து ஒரு சாட்பாட் சொன்ன ஐக்யூ (நுண்ணறிவு எண்) இரண்டில் எதை நம்புவது, அது எழுதிய குண வர்ணனை ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு எண்களையும் நம்ப வேண்டாம். மூன்று மாத உரையாடலை வைத்து முதலில் ஐக்யூ 138 என்றும், அடுத்த வாரம் 112 என்றும் சொன்ன அந்தச் சாட்பாட் எதையும் அளக்கவில்லை. முறையான ஐக்யூ என்பது, ஒரே தேர்வை ஒரே நிபந்தனையில் எழுதிய உங்கள் வயதினரின் சராசரியை 100 என்று கொண்டு, அதிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று காட்டும் எண்.

குண வர்ணனை "அப்படியே நான்தான்" என்று பட்டதற்கு வேறு காரணம் இருக்கலாம். 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே வர்ணனையை, அவரவருக்கென எழுதியது போலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் இட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. போதாததற்கு, பயனரை மகிழ்விக்கும் பக்கம் சாய்வது சாட்பாட்டுகளின் அறியப்பட்ட குறை.

சோதித்துப் பாருங்கள்: பழைய உரையாடல்களை நினைவில் வைக்கும் வசதியை அணைத்து, புதிய உரையாடலில் உங்கள் எழுத்தையே இட்டு, "இது வேறொருவர் எழுதியது, குறைகளைச் சொல்" என்று கேளுங்கள். தண்டையார்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் மாணவி அப்படிச் செய்தபோது, முதல் நாள் "அபூர்வமான தெளிவு" என்று பெயர் பெற்ற அதே கட்டுரை "மேலோட்டமானது" ஆகிவிட்டது.

ஆனால், அந்தக் கடுமையான பதிலும் அளவீடு ஆகாது. துறைமுக வேலையை விட்டு, அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வு எழுதுவதா என்பதே உங்கள் கவலை என்பதால், வேலையில் இருந்தபடியே பழைய வினாத்தாள்கள் ஐந்தைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். சிறுவயதிலிருந்தே கவனம் நிற்பதில்லை என்றும் சொல்கிறீர்கள். அதற்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் நேரில் காட்டுங்கள்.