இடது பக்கமே ஓடுகிற ஹெலிகாப்டர்

கேள்வி: ஐயா, விடுமுறையில் நாலு சேனல் ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்று வாங்கினேன். தரையை விட்டு எழும்பியதுமே இடது பக்கமாக ஓடிக் காம்பவுண்டுச் சுவரில் மோதுகிறது. இரண்டு ஜோடி பிளேடு போய்விட்டது. கோளாறு மெஷினிலா, என் கையிலா?
- குடியாத்தம் வாசகர்

பதில்: இரண்டிலும் இல்லை, தம்பி. மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மாடல்களில் பெரிய பிளேடு கடிகார முள் போகிற திசையில் சுற்றும். உடம்பு அதற்கு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் சின்ன பிளேடு. அது வாலை இடது பக்கம் தள்ளிப் பிடிக்கிறது. அந்தத் தள்ளு மொத்த ஹெலிகாப்டரையும் சேர்த்து இடது பக்கம் நகர்த்துகிறது. எழுப்பும்போதே ரிமோட்டின் வலது ஸ்டிக்கை ஒரு நூல் அளவு வலப்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். லேசாக வலப்பக்கம் சாய்ந்தபடி நிற்கும். அந்தச் சாய்வு சரியானதுதான், நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

பயத்தில் அரை அடி உயரத்திலேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுதான் மோசமான உயரம். பிளேடு கீழே தள்ளுகிற காற்று தரையில் பட்டுத் திரும்பி, மெஷினைத் தள்ளாட வைக்கும். தயங்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், அடங்கி நிற்கும். நீங்கள் நாலைந்து மீட்டர் பின்னால் நில்லுங்கள். வால் எப்போதும் உங்களைப் பார்த்தே இருக்கட்டும். மூக்கு உங்கள் பக்கம் திரும்பினால் இடது வலது மாறிவிடும். அப்போது எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

காம்பவுண்டுக்குள் பழகவே வேண்டாம். நான் காட்பாடிக்காரன். மணலில் விழுந்தால் அடிபடாது என்று நம்பிப் பாலாற்றுப் படுகைக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் கியரில் நறநறவென்று சத்தம். பிரித்தால், பல்லுக்குப் பல் பொடிமணல்; மோட்டாருக்குள்ளும் போயிருந்தது. அப்புறம் புல் உள்ள மைதானம்தான், அதுவும் காற்று கிளம்புவதற்கு முன், காலை ஆறு மணிக்கு.

மெல்லிய மூங்கில் சிம்பு இரண்டைக் குறுக்காகக் கால்களில் கட்டி, நாலு முனையிலும் டேபிள் டென்னிஸ் பந்து செருகுங்கள். இறங்கும்போது கவிழாது. ரொம்பச் சின்ன மாடல் என்றால் இந்தப் பாரத்தைத் தூக்காது. எங்கேயாவது இடிக்கப்போகிறது என்று தெரிந்தால், முதலில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இடது ஸ்டிக்கை அடியோடு இறக்கிவிடுங்கள். விழுந்தபிறகும் சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டார்தான் பிளேடையும் கியரையும் தின்கிறது.

பேட்டரி லித்தியம் பாலிமர். இறங்கியதும் சூடாக இருக்கும். நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஆறவிட்டு, தரையில் வைத்து, பக்கத்தில் இருந்து சார்ஜ் செய்யுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். பேட்டரிக்குள் இருக்கிற ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். உப்பியதை அன்றோடு ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கடற்படைத் தளத்துக்கு அருகே நல்ல திறந்தவெளி இருக்கிறது. அங்கே பறக்கவிடலாமா?
- அரக்கோணம் வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. ஐ.என்.எஸ். ராஜாளி 1992 முதல் இயங்குகிற விமானத் தளம். அதை ஒட்டி எதையும் பறக்கவிடக் கூடாது. பொம்மைதானே என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஊரை விட்டுத் தள்ளி, பள்ளி மைதானம் ஏதாவது அனுமதி கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. கடற்படை விமானிகள் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுகிற பள்ளி அந்தத் தளத்தில்தான். அங்கே பறந்த சேத்தக் ஹெலிகாப்டரின் பெரிய இறக்கையும் கடிகாரத் திசையில்தான் சுற்றும். குடியாத்தம் தம்பியின் மெஷின் ஓடுகிற அதே இடது பக்கம்தான் அதுவும் நகரப் பார்க்கும். வானத்தில் ஒன்று அசையாமல் நிற்பதைப் பார்த்தால், உள்ளே ஒரு கை ஓயாமல் ஸ்டிக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.