போன் எல்லாம் வீட்டு வைஃபையில் சேருகிறது, பழைய லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் மட்டும் சேரவில்லை. புது அடாப்டர் வாங்க வேண்டுமா?

உடனே வாங்காதீர்கள். முதலில் ரவுட்டர் செட்டிங்கைப் பாருங்கள்.

எங்கள் பெரியப்பாவின் விண்டோஸ் 7 லேப்டாப்புக்கும் இதே கதிதான். 2010இல் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. ஃபைபர் இணைப்போடு புது ரவுட்டர் வந்த அன்றிலிருந்து, "பக்கத்து வீட்டு வைஃபைகூடக் காட்டுது, நம்ம வீட்டுது காட்டலையேம்மா" என்று ஒரே புலம்பல். விடை அந்தப் புலம்பலிலேயே இருந்தது. லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு செத்துப்போயிருந்தால் பக்கத்து வீடும் தெரியாதே!

ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன் (முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில், சேனல் (அதற்குள் இருக்கும் தடம்) 'ஆட்டோ' என்று இருந்தது. அது தானாகப் போய் 13இல் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவில் விற்ற கார்டுகள் பல 11ஆம் சேனலோடு நின்றுவிடும். 6 என்று மாற்றியதும் பெயர் வந்துவிட்டது. உங்களுடையது இங்கேயே வாங்கியது என்றால், 2.4 அணைந்து 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

அடுத்து பாஸ்வேர்டு தகராறு. சரியாகத்தான் அடிக்கிறோம், ஏற்கவில்லை. ரவுட்டரின் வைஃபை பூட்டு டபிள்யூபிஏ3இல் (WPA3) இருந்தது. அது 2018இல் வந்த முறை, 2010 கார்டுக்கு எங்கே புரியும்? விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, அதை மட்டும் டபிள்யூபிஏ2 - ஏஇஎஸ் என்று வைத்தேன். யாராவது 'வெப்' (WEP) என்ற பழைய பூட்டைப் போடச் சொன்னால் போடாதீர்கள், அந்தப் பூட்டு 2001லேயே உடைந்துவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு அப்டேட்டும் நின்றுவிட்டதால், அந்த லேப்டாப் கெஸ்ட்டில் தனியாகக் கிடப்பதே நல்லது. பேங்க் வேலைக்குப் போன்தான்.

மாடி டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி டாங்கிள் (செருகினால் வைஃபை தரும் குட்டி அடாப்டர்) வாங்கி நான் ஏமாந்தேன். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் குட்டி சிடியில் வந்தது. சிபியூவில் சிடி டிரைவ் வேலை செய்யாது. நெட்டில் இறக்கலாம் என்றால், அந்த நெட்டுக்குத்தானே டாங்கிளே! (ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் கோத்து டெதரிங் (போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) போட்டால் அந்த நேரத்துக்குச் சமாளிக்கலாம்.) கடைசியில் லேன் போர்ட் உள்ள ரேஞ்ச் எக்ஸ்டென்டர் (வைஃபையை வாங்கி நீட்டித் தரும் பெட்டி) ஒன்றை அதன் பக்கத்து ப்ளக்கில் செருகி, அதிலிருந்து அரை மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். வைஃபை வேலையை எக்ஸ்டென்டர் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் வயர் இணைப்பு, புது டிரைவர் வேண்டாம். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

இதெல்லாம் முடிந்தும் ஒரு தளமும் திறக்காமல் 'சான்றிதழ் பிழை' வந்தால், மூலையில் தேதியைப் பாருங்கள். எங்கள் டெஸ்க்டாப்பில் 2009 ஜனவரி 1. கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தது. சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைத்தது.