வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவு ஏறுமா?

கேள்வி: என் கணவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையைக் காலையும் இரவும் நேரம் தவறாமல் சாப்பிடுகிறார். நான்கு நாட்களாகக் கடுமையான வயிற்றுப்போக்கு. நேற்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டாக்ரோலிமஸ் அளவு வழக்கத்தைவிட இரண்டு மடங்காக இருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் கூடியிருக்கிறது. பேதியானால் மருந்து வீணாகிக் குறையத்தானே வேண்டும்? பரிசோதனையில் தவறா? கல்லீரல் பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக இருப்பதால், மாத்திரையையே விட்டுவிடலாமே என்கிறார் அவர்.

பதில்: பேதியில் மருந்து வீணாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். டாக்ரோலிமஸ் விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. சிறுகுடலின் உட்சுவர் ஒரு சோதனைச் சாவடி மாதிரி. அங்குள்ள நொதி இந்த மருந்தைச் சிதைக்கிறது. இன்னொரு புரதம், செல்லுக்குள் நுழைந்த மருந்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. அதனால் விழுங்கிய மருந்தில் சராசரியாகக் கால் பங்குதான் ரத்தத்தைச் சேர்கிறது. வயிற்றுப்போக்கில் உட்சுவர் புண்பட்டால் இந்தத் தடை தளர்ந்துவிடும். மாத்திரை அதேதான், ரத்தத்துக்குப் போவது மட்டும் கூடிவிடுகிறது.

கிரியேட்டினின் ஏறியதும் இதனோடு சேர்ந்ததுதான். டாக்ரோலிமஸ் அதிகமானால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். பேதியில் உடலின் நீரும் வற்றியிருக்கும். இரண்டும் சேரும்போது சிறுநீரகம் திணறும்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். ரத்தம் எடுத்தது காலை மாத்திரைக்கு முன்பா, பின்பா? முந்தின இரவு மாத்திரைக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரையைப் போடும் முன் எடுப்பதுதான் சரியான அளவு. மாத்திரை போட்டுவிட்டு எடுத்திருந்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும்.

எப்படியானாலும் இன்றே மாற்று சிகிச்சைக் குழுவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, ஒரு வேளை மாத்திரையை மட்டும் நிறுத்துவதா, மறுபடி எப்போது ரத்தம் பார்ப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். பேதி நின்றதும் மருந்தின் அளவு மறுபடி இறங்கும். அப்போது டோஸை மீண்டும் கூட்ட வேண்டிவரலாம். மலப் பரிசோதனையும் வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கியிருப்பவர்களுக்குச் சாதாரணமாக வராத கிருமிகளும் வரும். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட்டும் சாப்பிடுபவர் என்றால் அதுவே பேதிக்குக் காரணமாக இருக்கலாம்.

அதுவரை உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வலி மாத்திரைகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளூகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) போன்றவை டாக்ரோலிமஸை இன்னும் ஏற்றிவிடும்.

சரி, மாத்திரையை விட்டுவிடலாமா? வேண்டாம். 1963-ல் அமெரிக்காவின் டென்வரில் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். அந்தக் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்துபோனது. ஓராண்டைத் தாண்டி ஒருவர் வாழ 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1989-ல் பிட்ஸ்பர்க்கில் அவரே டாக்ரோலிமஸையும் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். உங்கள் கணவர் இன்று நடமாடுவதில் அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு.

அவர் கேட்பதில் அர்த்தமில்லை என்று சொல்ல மாட்டேன். மருந்தைத் தாமாகவே விட்டுவிட்டும் நலமாக இருந்த சிலரை ஸ்டார்சலே கண்டு ஆராய்ந்தார். தானம் தந்தவரின் செல்கள் அவர்கள் உடலில் பரவிக் கலந்திருப்பதையும் கண்டார். மற்ற பல உறுப்புகளைவிடக் கல்லீரல் புதிய உடலோடு எளிதாக ஒத்துப்போகும் என்பது உண்மை. ஆனால், அந்தச் சிலரில் இவரும் ஒருவரா என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பரிசோதனை இயல்பாக இருப்பதற்கே மாத்திரை காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கும்போதே கல்லீரல் திசுவில் அழற்சி தெரிவதும் உண்டு. எனவே குறைப்பதென்றால் மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான்; தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையோடு. இப்போது, பேதியின் நடுவே, அதைத் தொடங்கவே கூடாது.

சிறுநீர் குறைந்தாலோ, கை நடுங்கினாலோ, காய்ச்சலோ குழப்பமோ வந்தாலோ, குடித்த கரைசல் வாந்தியாகிப் போனாலோ போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.