கேம் அக்கா பதில்கள்: யாரும் பார்க்காத இடத்தில் எத்தனை காசு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. கேம்களில் நல்லவராக ஆடுவதா, கெட்டவராக ஆடுவதா? அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கிராஃபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், கோவை: அக்கா, பால்டர்ஸ் கேட் 3-ஐ ஒருமுறை நல்லவனாக ஆடி முடித்துவிட்டேன். இரண்டாவது முறை கெட்டவனாக ஆடிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். அகதிகள் அடைக்கலம் இருக்கும் தோப்பைத் தாக்க வரும் கோப்ளின் என்கிற குள்ள அரக்கர்களுக்கு வாசலைத் திறந்துவிட வேண்டிய இடத்தில் கை வரவில்லை. ஹாஸ்டலில் எல்லோரும் "இது வெறும் கேம்டா" என்று ஓட்டுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

உனக்கு மட்டும் இல்லை தம்பி. மாஸ் எஃபெக்ட் என்கிற விண்வெளி ஆர்.பி.ஜி.யில் வேலை பார்த்த ஒருவர் 2020-ல் வெளிப்படையாகச் சொன்னார்: அதை ஆடியவர்களில் சுமார் 92 சதவீதம் பேர் நல்ல வழியையே எடுத்தார்களாம். கெட்ட வழிக்காகவும் நாங்கள் அவ்வளவு உழைத்தோமே என்று அவருக்கு வருத்தம். பால்டர்ஸ் கேட் 3-ன் முதல் ஆண்டு நிறைவின்போது, 2024 ஆகஸ்டில், அதை உருவாக்கிய லேரியன் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. முகாமில் இருக்கும் ஸ்க்ராட்ச் என்கிற நாயை ஆட்டக்காரர்கள் தடவிக்கொடுத்தது 12 கோடி தடவைக்கு மேல். தடவினால் தங்கம் கிடையாது, அனுபவப் புள்ளியும் கிடையாது. ஆனாலும் தடவியிருக்கிறார்கள்.

உன் கை ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தத் தோப்புக்குள் நீ ஏற்கெனவே போய் வந்திருக்கிறாய். சிலையைத் திருடி மாட்டிக்கொண்ட சிறுமி அரபெல்லாவை நினைத்துப் பார். எதிரே பாம்பு படமெடுத்து நிற்கிறது. தோப்பை இப்போது நடத்துகிற காகா என்கிற பெண் தண்டனை சொல்லத் தயாராக இருக்கிறாள். நீ பேசிப் பார்க்கிறாய், இருபது முகப் பகடை உருள்கிறது. தோற்றால் பாம்பு கொத்தும், குழந்தை அங்கேயே விழும். ஜெயித்தால் பிறகு அவள் அம்மா தன் லாக்கெட்டை உன் கையில் கொடுக்கிறாள். அந்த லாக்கெட் உன் பையில் கிடக்கும்போது வாசலைத் திற என்றால் கை எப்படி வரும்? பெயர் தெரிந்துவிட்டது, முகம் தெரிந்துவிட்டது. உன் நண்பர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். எனக்கு இது நல்ல எழுத்தின் வேலையாகத்தான் தெரிகிறது.

ஆனால் இன்னொன்றையும் யோசித்துப் பார். அந்த வாசலைத் திறந்தால் உன் கூட்டாளிகளில் கார்லாக் போய்விடுவாள், வில் போய்விடுவான். அவர்களுடைய கதைகள் அத்தனையும் கைவிட்டுப் போகும். அப்படியானால் உன் கையைப் பிடித்தது அரபெல்லாவா, கார்லாக்கின் க்வெஸ்ட் போய்விடுமே என்ற கணக்கா? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. மாஸ் எஃபெக்டில் இது இன்னும் மோசம். பதில்களை வட்டமாகக் காட்டும் பேச்சுச் சக்கரத்தில் நல்ல பதில் எப்போதும் மேலே, கெட்ட பதில் கீழே. நாலு மணி நேரம் ஆடினால் வாக்கியத்தைப் படிப்பதையே விட்டுவிடுவோம், இடத்தைப் பார்த்து அமுக்குவோம். அதை நான் தேர்வு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்லது செய்தால் கையிலிருந்து ஏதாவது போக வேண்டும். எதுவும் போகாவிட்டால் நாம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தை அந்தக் கண்ணோடு ஆடிப் பார் தம்பி. கெட்டவனாகத்தான் ஆட வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்: மேடம், என் மகனுக்குப் பதின்மூன்று வயது. கேமில் ஒரு ஊருக்குள் போனால் வீடு வீடாகப் புகுந்து பானை, பெட்டி எல்லாவற்றையும் திறந்து எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். கேட்டால், "எல்லாரும் அப்படித்தாம்மா ஆடுவாங்க" என்கிறான். பயமாக இருக்கிறது.

டீச்சர், உங்கள் பயம் புதிதில்லை. நாற்பது வருடத்துக்கு முன்பே பெற்றோர்கள் இதே பயத்தோடு ஒரு கேம்காரருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் பெயர் ரிச்சர்ட் கேரியட். அல்டிமா என்கிற தொடரை உருவாக்கியவர். மூன்றாவது அல்டிமாவைத் தன் சொந்த நிறுவனம் மூலம் வெளியிட்டதால் கடிதங்கள் நேராக அவர் கைக்கே வந்தன. உங்கள் மகனைப் போலத்தான் அன்றைய ஆட்டக்காரர்களும். சீக்கிரம் ஜெயிக்க வேண்டும் என்று கடைக்காரர்களைக் கொன்றார்கள், கண்ணில் பட்டதை எல்லாம் திருடினார்கள், கடைசியில் பெரிய வில்லனைக் கொன்று வீரர் பட்டம் வாங்கினார்கள். அவருக்கு அது உறுத்தியது. 1985-ல் வெளிவந்த அல்டிமா 4-ல் வில்லனையே எடுத்துவிட்டார். நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டு குணங்கள். அவற்றில் தேறுவதுதான் ஆட்டம்.

அதில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு கடை உண்டு. மந்திரத்துக்கான மூலிகை விற்கும் கடை. விற்கிற பெண்ணுக்குக் கண் தெரியாது. இத்தனை மூலிகை வேண்டும் என்கிறீர்கள், அவள் விலை சொல்கிறாள், பிறகு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்கிறாள். எண்ணை நீங்களே கீபோர்டில் தட்ட வேண்டும். நான் முதல் தடவை ஒரே ஒரு காசு தட்டினேன், என்ன ஆகும் பார்ப்போம் என்று. ஒன்றும் ஆகவில்லை. மூலிகை பைக்கு வந்துவிட்டது. காவலர் வரவில்லை, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், அடுத்த கடையிலும் அதையே செய்தேன். ரொம்ப நேரம் கழித்து அரண்மனையில் ஹாக்விண்ட் என்கிற ஞானியிடம் போய் நேர்மையைப் பற்றிக் கேட்டபோதுதான், கேம் அத்தனையையும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது என்று தெரிந்தது. அவர் சொன்னது கடுமையாக இருந்தது. அந்த ராத்திரியே திரும்பிப் போய் அந்தப் பெண்களிடம் கேட்ட விலையைக் கொடுத்து மறுபடியும் மூலிகை வாங்கினேன். ஒரே தடவையில் கணக்கு நேராகவில்லை. பல தடவை போக வேண்டியிருந்தது.

உங்கள் மகன் ஆடும் கேமில் அந்தக் கணக்கு இல்லாமல் இருக்கலாம். பல கேம்களில் பானைக்குள் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே வைத்திருப்பார்கள். அவனுக்கு அது திருட்டாகவே தோன்றாது, தெருவில் கிடக்கும் கூழாங்கல்லைப் பொறுக்குவது போலத்தான். அவனைத் திட்டாதீர்கள். ஒரு சனிக்கிழமை அவன் பக்கத்தில் உட்காருங்கள். "இந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே, ஒன்றும் சொல்ல மாட்டாரா?" என்று மட்டும் கேளுங்கள். சொல்வாரா மாட்டாரா என்று அவனே விளக்க ஆரம்பிப்பான். அதில் பாதி பேச்சு தானாக வந்துவிடும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பால்டர்ஸ் கேட் 3, விட்சர் 3 இரண்டும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பதின்மூன்று வயதுப் பையனுக்கு வேண்டாம்.

ஐ.டி. ஊழியர், சென்னை: விட்சர் 3-ல் வெலன் பகுதியில் மரத்தடியில் அடைபட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா, கொல்வதா? எது சரியான பதில்?

விட்சர் 3-ஐ ஆடாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நண்பரே, 2015-ல் ஆடியவர்களும் இதைத்தான் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். போலந்துக்காரர்களான சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தார் அதற்குப் பதில் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். குகைக்குள் வேர்களுக்கு நடுவே இதயம் மாதிரி ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது. அது பேசுகிறது. சதுப்பு நிலத்தில் இருக்கும் அநாதைக் குழந்தைகளைச் சூனியக்காரக் கிழவிகள் தின்னப் போகிறார்கள், என்னை விடுவித்தால் காப்பாற்றுகிறேன் என்கிறது. விடுவிக்க ஒரு காக்கை இறகு, எலும்புகள், ஒரு கருப்புக் குதிரை வேண்டும். அது சொல்வது உண்மையா பொய்யா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

நான் விடுவித்தேன். குழந்தைகள் என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த ஆவி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பக்கத்துக் கிராமத்தையே அழித்துவிட்டது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அன்னாவின் மேல் கிழவிகளின் கோபம் திரும்பி, அவள் செத்தாள். அவள் கணவன், குடித்துவிட்டு அவளை அடித்த அந்தக் கோட்டைப் பிரபு, கோட்டை முற்றத்து மரத்தில் தூக்கில் தொங்கினான். அவனை நான் வெறுத்திருந்தேன். ஆனாலும் அந்த மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். அன்றைக்கு அதற்கு மேல் ஆட முடியவில்லை, லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் செத்துவிடுவார்கள். அன்னா புத்தி பேதலித்தாலும் உயிரோடு இருப்பாள், அந்தப் பிரபு அவளுக்கு வைத்தியம் பார்க்க மலைப்பக்கம் அழைத்துப் போவான்.

இதையே 2009-ல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸோடு வைத்துப் பாருங்கள். ரெட்கிளிஃப் கோட்டையில் கானர் என்கிற பையனைப் பிசாசு பிடித்திருக்கிறது. பையனைக் கொல்லலாம், அல்லது அவன் அம்மாவைப் பலி கொடுத்துப் பையனை மீட்கலாம். மனசை அறுக்கும் இடம். ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. மந்திரவாதிகளின் கோபுரத்துக்குப் போய் உதவி கேட்டு வரலாம். பிசாசு பிடித்த பையனைக் கோட்டையில் விட்டுவிட்டு நாட்கணக்கில் பயணம் போய்த் திரும்பினாலும் இங்கே ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. எல்லோரும் பிழைப்பார்கள். அந்த கேம் எனக்கு உயிர், ஆனாலும் அந்த மூன்றாவது வழியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு பேரில் யார் என்று நெஞ்சு பதற யோசித்த அரை மணி நேரத்தை அது ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

எனவே உங்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கூகுளில் தேடிப் பார்க்காமல் போங்கள், நீங்களே முடிவெடுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

பிளஸ் டூ மாணவி, யாழ்ப்பாணம்: அக்கா, தப்பான முடிவு எடுத்தால் உடனே பழைய சேவ் ஃபைலை லோடு பண்ணிவிடுவேன். இது ஏமாற்றா?

ஏமாற்று இல்லை தங்கச்சி. ஆனால் 2015-ல் டோபி ஃபாக்ஸ் என்கிறவர் உருவாக்கிய அண்டர்டேல் ஆடிப் பாருங்கோ. ஆரம்பத்தில் டோரியல் என்று ஒருத்தி உங்களைத் தாய் மாதிரிப் பார்த்துக்கொள்வாள், கடைசியில் வழியை மறித்து நிற்பாள். தெரியாமல் அவளைக் கொன்றுவிடுவோம். அழுதுகொண்டே பழைய சேவுக்குப் போய், இந்த முறை அடிக்காமல் விட்டுவிட்டு வெளியே வருவோம். அங்கே ஃபிளவி என்கிற பூ காத்திருக்கும். நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும், அவளைக் கொன்றாய், மனசு கேட்காமல் திரும்பிப் போனாய் என்று முகத்துக்கு நேரே சொல்லும். எனக்குக் கை சில்லிட்டுப் போனது. அதற்குப் பிறகு பகடையில் தோற்றால் லோடு பண்ணுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். பவர் கட் ஆனால் மட்டும் விலக்கு.

வாசகர், சேலம்: பால்டர்ஸ் கேட் 3-ல் பாலடின், அதாவது சத்தியம் செய்துகொண்ட வீரனாக ஆடுகிறேன். கூண்டில் தொங்கும் கூட்டாளி லேஸெல்லை மீட்க, கீழே நின்ற டீஃப்லிங் என்கிற கொம்பு வைத்த இனத்தார் இரண்டு பேரைக் கொன்றேன். சத்தியம் உடைந்துவிட்டது என்கிறது. நல்லதுக்குத்தானே செய்தேன்?

அவர்களிடம் பேசியே அனுப்பியிருக்கலாமே! சரி, நடந்தது நடந்துவிட்டது. ராத்திரி முகாமுக்குக் கவசம் போட்ட ஒரு வீரர் வருவார், 1000 தங்கம் கொடுத்தால் சத்தியத்தைத் திரும்பப் பெறலாம். நான் கொடுக்கவில்லை, உடைந்த சத்தியத்தோடே கடைசிவரை ஆடினேன். 1000 தங்கம் அந்த கேமில் பெரிய தொகை இல்லை, அதனால்தான் மனசு வரவில்லை.

வாசகி, நாகர்கோவில்: என்னிடம் பழைய லேப்டாப்தான் இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டும் கிடையாது. இதையெல்லாம் நான் எங்கே ஆடுவது?

தாராளமாக ஆடலாம். அண்டர்டேல் எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். அல்டிமா 4-ஐ ஜிஓஜி என்கிற கேம் விற்பனைத் தளத்தில் இலவசமாகவே டவுன்லோட் செய்துகொள்ளலாம். படங்கள் கட்டம் கட்டமாக இருக்கும், கட்டளைகளை எல்லாம் கீபோர்டில்தான் தட்ட வேண்டும், முதல் ஒரு மணி நேரம் பொறுமை வேண்டும். கூடவே வரும் கையேட்டைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். மூலிகைக் கடைக்குப் போகும்போது கையில் போதுமான காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.