சோலார் வீட்டில் எல்இடி மினுக்குகிறதா? பேட்டரி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: சோலார் பேனல், 12 வோல்ட் லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். இருட்டிய பிறகு எல்லா எல்இடி பல்பும் மினுக்குகிறது. தண்ணீர் மோட்டாரோ ஃப்ரிட்ஜோ ஓடத் தொடங்கும் நொடியில் சட்டென்று மங்கித் திரும்புகிறது. பல்பை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. பேட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் விற்பனையாளர். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகம், அந்த ஊகத்துக்குப் பணம் கொடுக்கப்போவது நீங்கள்.

எல்லா பல்பும் ஒரே நேரத்தில் மினுக்குவதால் பல்பின் மேல் குற்றமில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு: பேட்டரி, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள், அல்லது இன்வெர்ட்டர். இந்த மூன்றில் அடிக்கடி மாட்டுவதும் பலர் கவனிக்காததும் நடுவில் இருக்கும் கேபிள்தான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே அழுத்துங்கள், கேபிளின் லக் (நுனியில் நசுக்கி மாட்டிய உலோக வளையம்) மேல் அல்ல. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். இன்னொருவரை மோட்டார் போடச் சொல்லி, அந்த நொடியில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அப்புறம் இன்வெர்ட்டரின் பேட்டரி டெர்மினலில் முனைகளை வைத்து, அதே மோட்டாரை மறுபடி போட்டுப் பாருங்கள்.

பேட்டரிக் கம்பத்தில் 12.2 காட்டி, இன்வெர்ட்டர் டெர்மினலில் 11-க்கு விழுந்தால், நடுவில் ஒரு வோல்டுக்கு மேல் காணாமல் போகிறது. 12 வோல்ட் இன்வெர்ட்டர் 1000 வாட் கொடுக்க, பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்க வேண்டும். அத்தனை மின்னோட்டத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே 0.9 வோல்ட் போய்விடும். லக் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு இடத்தில் 80 வாட் சூடும் கிளம்பும். சற்றே தளர்ந்த நட்டு, லக்கைச் சுற்றிப் பூத்த வெள்ளை அல்லது பச்சைப் பொடி, சரியாக நசுக்கப்படாத லக், இவற்றில் ஒன்று போதும். அரை மணி நேரம் லோடு ஓடிய பிறகு லக் அருகில் கேபிள் உறை சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் விளக்கு மினுக்குவதைவிட அதுதான் அவசரம்.

கழற்றிச் சுத்தம் செய்வதானால் முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள். பேனல் இணைப்பைத் துண்டித்த பிறகே பேட்டரியைத் தொடுங்கள். பேனல் வேலை செய்துகொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் சில சார்ஜ் கன்ட்ரோலர்கள் (பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) பழுதாகிவிடும். நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மோதிரம், வளையல் கையில் வேண்டாம்.

கம்பத்திலேயே எண் சரிந்தால் அது பேட்டரி விவகாரம். அப்போதும் உடனே வாங்கிவிடாதீர்கள். ஒரு நாள் லோடைக் குறைத்து முழுதாகச் சார்ஜ் ஏறவிடுங்கள், சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்து பாருங்கள். 12.6, 12.7 என்று நின்றும், சின்ன லோடுக்கே மளமளவென்று இறங்கினால் பேட்டரி உண்மையிலேயே தளர்ந்துவிட்டது. 12.2-ஐத் தாண்டவே இல்லையென்றால், சார்ஜ் போதவில்லையா என்பதை முதலில் பாருங்கள். பேனலில் தூசியா, நிழலா, செலவு அதிகமா? அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதற்கும் இதே கதிதான்.

இன்னொன்று: மினுக்கல் வேகமாக இல்லாமல், அணைந்து சிறிது நேரம் கழித்துத் தானே எரிந்து மறுபடி அணைந்தால், அது குறைமின்னழுத்தத் துண்டிப்பு. பேட்டரி 11 வோல்ட் பக்கம் இறங்கியதும் கருவி லோடை வெட்டுகிறது. சுமை விலகியதும் வோல்டேஜ் ஏறுகிறது, கருவி மறுபடி இணைக்கிறது. அதைத் தடுக்கக் கருவியின் செட்டிங்கை மாற்றாதீர்கள். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது.

கேள்வி: நள்ளிரவில் ஒரே ஒரு 5 வாட் பல்பை மட்டும் போட்டால் சில நொடிக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. மின்விசிறியைப் போட்டதும் நின்றுவிடுகிறது. என்ன மாயம்?

பதில்: இன்வெர்ட்டரில் மின்சேமிப்பு நிலை இயங்குகிறது. லோடு இல்லையென்று நினைத்து அது தூங்கிவிடும். இடையிடையே ஒரு சின்னத் துடிப்பு அனுப்பி யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும். உங்கள் 5 வாட் பல்பு அதன் கண்ணில் படுவதில்லை. கையேட்டில் தேடி அந்த நிலையை அணையுங்கள், அல்லது அதன் வாட் வரம்பைக் குறையுங்கள். அணைத்தால் இன்வெர்ட்டர் இரவெல்லாம் கொஞ்சம் மின்சாரம் தின்னும், அது பரவாயில்லை. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: இன்வெர்ட்டரே இல்லை. 12 வோல்ட் டிசி பல்புகளை நேராக சார்ஜ் கன்ட்ரோலரில் மாட்டியிருக்கிறோம். நல்ல வெயிலில், பேட்டரி நிறைந்த நேரத்தில்தான் மினுக்கல். கடைசி அறையில் எப்போதுமே மங்கல்.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். வெயில் நேர மினுக்கலுக்கு பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலர் காரணமாக இருக்கலாம். பேட்டரி நிறையும்போது அது பேனலை விட்டு விட்டு இணைக்கும். அந்த ஏற்ற இறக்கம் விளக்கில் தெரிகிறது. பேட்டரி பழசாகவோ அதன் இணைப்பு தளர்வாகவோ இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும் என்பதையும் மறக்காதீர்கள். உள்ளே வெறும் ரெசிஸ்டர் மட்டும் வைத்த மலிவு பல்புகள் அந்த ஏற்றத்தை அப்படியே வெளிச்சமாகக் காட்டும், சீக்கிரம் செத்தும் போகும். அட்டையில் ‘12 வோல்ட்’ என்று மட்டும் போட்டதைத் தவிர்த்து, ‘10 முதல் 30 வோல்ட்’ என்பதுபோல வரம்பு போட்ட, டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் சின்னச் சுற்று) உள்ள பல்பைக் கேளுங்கள்.

கடைசி அறை மங்கலுக்கு ஒயர்தான் காரணம். 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 4 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்டில் இது ஒன்றுமே இல்லை, 12 வோல்டில் பெரிய இழப்பு. 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 0.35 வோல்டுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் செல்போன் கேமராவில் கோடு கோடாக ஓடுகிறது. இன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அந்தப் பல்பை இன்வெர்ட்டர் இல்லாத வேறு வீட்டில், மின்வாரிய மின்சாரத்தில் எரியவிட்டுப் பாருங்கள். அங்கேயும் கோடு ஓடினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை வரும் ஏற்ற இறக்கத்தை பல்பின் டிரைவர் சமன் செய்யவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் மட்டும் ஓடினால், அல்லது பல்பு ஙொய்யென்று இரைந்தால், சதுர அலை இன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். மின்வாரிய மின்சாரம்போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் இதைத் தீர்க்கும். ஆனால் நான்கு பல்புக்காக மட்டும் இன்வெர்ட்டரை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு தயாரிப்பில் ஒரே ஒரு பல்பு வாங்கி, உங்கள் இன்வெர்ட்டரிலேயே ஒரு வாரம் எரியவிடுங்கள். நன்றாக இருந்தால் மீதியை வாங்குங்கள். ஒத்துவரவில்லையென்றால் மாற்றித் தருவார்களா என்று முன்னாலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு லேசாக மினுங்குகிறது.

பதில்: சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள், பலருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருக்கலாம். அதுவும் சரியென்றால் இன்வெர்ட்டரின் இரண்டு வெளியீட்டு முனைகளும் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கலாம். அப்போது ஒரு கம்பியை மட்டும் வெட்டும் சுவிட்ச் முழுமையாகத் துண்டிக்காது, கசியும் சிறு மின்னோட்டமே எல்இடிக்குப் போதும். நியூட்ரலை எர்த்தோடு நீங்களே இணைத்துவிடாதீர்கள். சில இன்வெர்ட்டர்கள் அதில் எரிந்துவிடும். கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்து எலக்ட்ரீஷியன் செய்யட்டும். அனுமதிக்காவிட்டால் இரண்டு கம்பியையும் வெட்டும் டபுள் போல் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.